டாப் மாடலா, பேஸ் மாடலா?

போன மாதம் கெலமங்கலத்தில் நம் உழவர் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றிருந்தேன். சூளகிரிப் பக்கத்து இளைஞர் ஒருவர் கையில் இரண்டு கொட்டேஷனோடு வந்தார். பி.இ. படித்தவர். ஓசூரில் ஆறு வருடம் கம்பெனி வேலை பார்த்துவிட்டு, இப்போது அப்பாவின் மூன்றரை ஏக்கரில் ரசாயனம் இல்லாமல் காய்கறி போடுகிறார். பெங்களூரில் நான்கு கடைகளுக்குச் சரக்கு கொடுக்கிறார்.

"சார், நீங்க பேங்க்ல இருந்தவரு. இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. பேஸ் எடுக்கட்டுமா, டாப் எடுக்கட்டுமா?"

இந்தக் கேள்வியை இந்த ஆறேழு மாதத்தில் என்னிடம் கேட்ட நாலாவது ஆள் இவர். அதனால் எழுதியே விடலாம் என்று தோன்றியது.

இரண்டு கொட்டேஷனும் ஒரே கம்பெனி, ஒரே எஞ்சின், ஒரே வண்டி. வித்தியாசம் 71,000 ரூபாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். தொழிற்சாலையில் இருந்தே பொருத்தி வருகிற சாமான்களுக்கான வித்தியாசம் 38,000தான். மீதி 33,000-க்கு சீட் கவர், பாட்டுப் பெட்டி, கால் மேட், ஸ்டிக்கர், கூடுதல் வாரன்ட்டி, முன்னால் மாட்டும் கம்பி கார்டு. அந்தக் கம்பி கார்டு கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அதற்கும் சேர்த்துக் கடன் வாங்கி ஐந்து வருடம் வட்டி கட்டச் சொல்கிறார்கள்!

முப்பத்தைந்து வருடம் வங்கியில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எத்தனையோ வண்டிக் கடனில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடன்காரர் கையில் இருந்து எவ்வளவு போடுகிறார், தவணை கட்ட வருமானம் இருக்கிறதா, அவ்வளவுதான் பார்ப்போம். "உனக்கு இந்த மாடல் எதற்கு?" என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. ஷோரூம்காரர் எழுதிக் கொடுத்ததுதான் வண்டியின் விலை. நான் வாங்கும் முறை வந்தபோதுதான் புரிந்தது.

இப்போது ஷோரூமில் சொல்லும் புதுப் பாட்டு ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 ஆனது. முன்பு வரியோடு எட்டு லட்சம் இருந்த வண்டியில், குறைந்ததை முழுதாக விட்டுக்கொடுத்தால் 62,500 ரூபாய் இறங்க வேண்டும். "வரி மிச்சத்துலயே டாப் மாடல் வந்துரும் சார்" என்கிறார்கள். மிச்சம் நம் பாக்கெட்டுக்கு வருமுன் அதைச் செலவழிக்க வழி சொல்லிவிடுகிறார்கள். அந்த 62,500 இருந்தால் சொட்டுநீர்க் குழாய் மாற்றலாம், ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம். அது தனிக் கணக்காகவே இருக்கட்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு நான் பேஸ் மாடலுக்குக் கொடி பிடிப்பதாக நினைத்துவிடாதீர்கள். என் கதையே வேறு.

2018-ல் ஓய்வு பெற்ற கையோடு ஒரு பிக்கப் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அடுத்த மாடலுக்கும் இதற்கும் 42,000 வித்தியாசம். அதில் பவர் ஸ்டீயரிங் உண்டு, இதில் கிடையாது. அதில் துணி சீட், இதில் ரெக்சின். "இடுபொருள் செலவைக் குறைக்கத்தானே இயற்கை விவசாயத்துக்கு வந்தோம், வண்டியில் மட்டும் ஆடம்பரம் எதற்கு?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேஸ் மாடலை எடுத்தேன். பெருமையாகக் கூட்டத்திலும் சொன்னேன்.

ஓட்டியது நான் இல்லை. பக்கத்துக் குக்கிராமத்துப் பையன் ஒருவன். வாரத்துக்கு மூன்று நடை. விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பி ஓசூர், ஜூஜுவாடி, அத்திப்பள்ளி வழியாக பெங்களூர். போகையில் கிட்டத்தட்ட முக்கால் டன் சரக்கு. கடைகள் இருப்பதோ ஜெயநகர் மாதிரி இடங்களில் சந்துக்குள்ளே. பாரம் ஏற்றின வண்டியை நின்ற இடத்தில் வளைத்துத் திருப்ப வேண்டும். ஒரு நடைக்கு அப்படி நாற்பது ஐம்பது தடவை. திரும்பி வரும்போது சில்க் போர்டு நெரிசலில் பதினோரு மணி வெயில்.

முதல் வருடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் கோடையில், "சார், ராத்திரி படுத்தா தோள்பட்டை கழண்டு விழற மாதிரி இருக்கு" என்றான். தைலம் வாங்கிக் கொடுத்தேன்! இரண்டு மாதத்தில் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டான். கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு, பி.எஃப்., உட்காரும் இடத்தில் ஏ.சி. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இந்த இடத்தில்தான் நம் பகுதி மற்ற இடங்களில் இருந்து மாறுகிறது. தஞ்சாவூரிலோ திருவண்ணாமலையிலோ டிரைவர் கிடைக்கலாம். இங்கே 1980-ல் லேலண்ட் தொழிற்சாலை வந்தது. டைட்டன், டி.வி.எஸ்., போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா, கெலமங்கலம் போகிற வழியில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் என்று வரிசையாக வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். நம் வண்டியை ஓட்டும் பையனுக்கு நாம் போட்டி போடுவது பக்கத்துத் தோட்டக்காரரோடு இல்லை, இந்தக் கம்பெனிகளோடு. சம்பளத்தில் அவர்களை நாம் ஜெயிக்க முடியாது. உட்காரும் இடத்தையாவது ஒழுங்காகக் கொடுக்க வேண்டாமா?

அவன் போனபின் ஆக்டிங் டிரைவர் வைத்தேன். நாளுக்கு 900 ரூபாய். நாற்பத்தேழு நாளில் அந்த 42,000 கரைந்துவிட்டது. ஆக்டிங் டிரைவர் வராத நாளில் நானே ஓட்டினேன், அறுபது வயதுக்கு மேல், பவர் ஸ்டீயரிங் இல்லாமல். ஒரு புதன்கிழமை எனக்கும் முடியாமல், ஆளும் கிடைக்காமல், பறித்துக் கட்டி வைத்த கீரையும் கொத்தமல்லியும் கொட்டகையிலேயே வதங்கி மாட்டுக்குப் போனது. வீட்டம்மா அன்று ஒரு வார்த்தை சொன்னார். "மண்புழுவுக்கு வெயில் படக்கூடாதுன்னு மூடாக்கு போடத் தெரியுது உங்களுக்கு. வண்டி ஓட்டற புள்ளைக்கு அது தெரியலயே." மூன்றாம் வருடம் அந்த வண்டியை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டேன்.

ஆகவே என் கருத்து இதுதான். மாடல்களுக்கு இடையில் உள்ள வித்தியாசத்தில் பாதி வெளியே மினுக்குவது, பாதி கேபினுக்குள் உழைப்பவன் உடம்புக்கானது. முதல் பாதிக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இரண்டாம் பாதியில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். நம் ஓசூரில் இருந்தே வந்த லேலண்ட் தோஸ்த்தை நினைத்துப் பாருங்கள். 2011-ல் ஒண்ணேகால் டன் பாரத்துக்கு மூன்று மாடலாக விட்டார்கள். அதன் டாப் மாடலில் ஏ.சி., பவர் ஸ்டீயரிங், துணி சீட், உள்ளே இரண்டு நிற அலங்காரம் எல்லாம் ஒரே பொட்டலமாக வந்தன. அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் கண் வாங்குகிறவருக்கு வேண்டும். பவர் ஸ்டீயரிங்கும் சீட்டும் கூலி மாதிரி, கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு நிற அலங்காரம் நமக்கு எதற்கு?

ஏ.சி.? இதில்தான் நம் நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். நான் சொல்வது இது. நீங்களே ஓட்டுவதானால் உங்கள் இஷ்டம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டில் விடியற்காலை நடைக்கு ஏ.சி. இல்லாமலே காலம் தள்ளலாம். இன்னொருவர் ஓட்டுவதானால் ஏ.சி. எடுங்கள். கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரைக்காரர்கள் மாங்காய் சீசனில் பகலில் ஓட வேண்டியவர்கள், யோசிக்கவே வேண்டாம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு, மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேல் இருந்தால், கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று அரசே ஆக்கிவிட்டது. நம் சிறு பிக்கப்புகள் அதற்குக் கீழே இருப்பதால் தப்பித்தன. சட்டம் விட்டுவிட்டதால் வெயிலும் விட்டுவிடுமா?

செலவு எவ்வளவு என்கிறீர்களா? 50,000 ரூபாய் கூடுதலாகக் கடன் வாங்கினால், 10 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதம் 1,062 ரூபாய். மொத்தம் கட்டுவது 63,700 சொச்சம். மாதம் பன்னிரண்டு நடை ஓடினால் ஒரு நடைக்கு 89 ரூபாய். இரண்டு கிலோ பீன்ஸ் விலை. மாதம் இரண்டே நடைதான் என்றால் நடைக்கு 531 ரூபாய் விழும். அப்படிப்பட்டவர் மாடலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், சொந்த வண்டியே வேண்டாம். குட்டி யானையை வாடகைக்குப் பிடியுங்கள், இல்லை நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள்.

மாடல் எழுத்துகளைவிட முக்கியமான ஒன்றை யாரும் பார்ப்பதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் ஏறப்போகும் மொத்த எடை. 2020 செப்டம்பரில் லேலண்ட் 'படா தோஸ்த்' வந்தபோது ஐ3, ஐ4 என்று இரண்டு, ஒவ்வொன்றிலும் எல்.எஸ்., எல்.எக்ஸ். என்று இரண்டு மாடல். எல்.எஸ்.ஸுக்கும் எல்.எக்ஸ்.ஸுக்கும் 20,000 வித்தியாசம். ஆனால் ஐ3-க்கும் ஐ4-க்கும் வெறும் 4,000. எல்.எஸ். மாடலில் ஒன்று 7.75 லட்சம், மற்றது 7.79 லட்சம். நாலாயிரத்துக்கு நானூற்றைம்பது கிலோ அதிகம் ஏற்றலாம் என்றால் யார் விடுவார்கள்? நானும் பெரியதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஐ3-இன் மொத்த எடை 2,990 கிலோ, ஐ4 3,490 கிலோ. அந்தப் பத்து கிலோ குறைவு தற்செயல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆம் பிரிவில், மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டினால் பெர்மிட் வேண்டும். எல்லை தாண்டி பெங்களூருக்கு ஓட நேஷனல் பெர்மிட் என்று போனால் அதற்கு மட்டும் வருடத்துக்கு 16,500 ரூபாய். அடுத்த மாநில வரி தனி விஷயம், பெர்மிட் இல்லை என்பதால் வரியும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கமே ஓடுகிறவருக்கும், தினமும் அந்தப் பக்கம் போகிறவருக்கும் ஒரே வண்டி பொருந்தாது.

எடை என்றதும் இன்னொன்று. பின்னால் கூண்டோ தார்ப்பாய்க் கம்பியோ கட்டினால் அந்த எடை நம் சரக்கில்தான் கழியும். ஆர்.சி.யில் காலி எடையும் மொத்த எடையும் இருக்கும், கழித்துப் பாருங்கள். மீறி ஏற்றி மாட்டினால் அபராதம் 20,000-இல்தான் ஆரம்பிக்கிறது. ராயக்கோட்டைத் தக்காளி மாதிரி கிரேட் 25 கிலோ கனக்கும் சரக்கென்றால் எடைதான் கணக்கு. கீரை, முட்டைக்கோஸ், பூ என்றால் எடை வருமுன் இடம் தீர்ந்துவிடும். அவர்கள் பார்க்க வேண்டியது பின்பெட்டியின் நீளத்தை. டேப்பையும் இரண்டு காலி கிரேட்டையும் எடுத்துக்கொண்டே ஷோரூமுக்குப் போங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

தளிப் பக்கம் பண்ணை வாங்கியிருக்கும் பெங்களூர் ஐ.டி. நண்பர்கள் சிலர் நாலு கதவு பிக்கப்பில் வருகிறார்கள். ஹைலக்ஸ் 2022-ல் வந்தபோதே டொயோட்டா வைத்த விலை 34 லட்சத்தை ஒட்டி. அவர்களோடு நமக்குப் பேச்சில்லை, அது வேறு கணக்கு.

லைசென்ஸ் பற்றியும் அந்தத் தம்பி கேட்டார். கார் ஓட்டும் சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்குக் குறைவான மஞ்சள் போர்டு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு சொல்லிவிட்டது. ஆனால் சுங்கச்சாவடி ஆண்டுப் பாஸ் மஞ்சள் போர்டுக்குக் கிடையாது. அதை நம்பி யாராவது கணக்குப் போட்டிருந்தால் அழித்துவிடுங்கள்.

கடைசியில் அவர் கொட்டேஷனில் 33,000-க்கும் குறுக்கே ஒரு கோடு போட்டேன். "இந்த 38,000-ல என்னென்ன வருதுன்னு கேட்டு எழுதிட்டு வாங்க தம்பி. பவர் ஸ்டீயரிங் பேஸ்லயே இருக்கா, சீட் என்ன, ஏ.சி. தனியா போட்டுத் தருவாங்களான்னு. வண்டியை யார் ஓட்டப் போறது?"

"அப்பாதான் சார். எனக்குக் காலையில தோட்டத்துல வேலை இருக்கும்."

"அப்பாவுக்கு வயசு என்ன?"

"அறுபத்திரண்டு."

போன வாரம் போன் பண்ணினார். சரக்கோடு ஓட்டிப் பார்க்காமல் எடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன். இரண்டு மாடலிலும் முப்பது கிரேட் ஏற்றி, அப்பாவையே உட்கார வைத்து, ஓசூர் உழவர் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் திருப்பச் சொன்னாராம். ஷோரூம் ஆள் முகம் சுளித்தாராம். எந்த மாடல் என்று அப்பா சொல்லிவிட்டார், முன்பணமும் கட்டியாயிற்று.