அற்புதமா? அறிவா?

சிறுநீரகத்தில் உண்டாகும் புற்றுநோயில் ஒரு விநோதம் உண்டு. வியாதி நுரையீரல் வரை பரவிய பிறகுங்கூட, மிக அபூர்வமாக யாரோ ஒருவருக்கு அது தானாகவே கரைந்துபோவதுண்டு. இதைக் கண்ட பக்தர் "கடவுள் செயல்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அதனால் அடுத்த நோயாளிக்கு எள்ளளவாவது பயனுண்டா?

ஆராய்ச்சிக்காரரோ "ஏன் கரைந்தது?" என்று கேட்டார். உடம்பிலுள்ள வெள்ளை அணுக்கள் என்னும் காவற்காரரே காரணமாயிருக்கலாம் என்று கருதி, அவர்களைத் தூண்டும் இன்டர்லூகின்-2 என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1992-இல் அமெரிக்க சர்க்கார் இதை அனுமதித்தது. ஆனால் வெகு சிலருக்கே பலித்தது, உபத்திரவமோ கடுமை.

அதோடு விட்டார்களா? இல்லை. அக்காவற்காரர் சொந்த வீட்டாரையே அடித்துவிடாதபடி அவர்களுக்கு ஒரு விலங்கு உண்டென்பதும், புற்றுநோய் அந்த விலங்கை மாட்டிவிட்டுச் சுகமாக வளருகிறதென்பதும் தெரிய வந்தன. விலங்கை அவிழ்க்கும் வழி காட்டிய ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நிவோலுமாப், இபிலிமுமாப் என்பவை அப்படிப்பட்ட மருந்துகள். முற்றிய சிறுநீரகப் புற்றுநோயில் நடுத்தர, மோசமான நிலையிலிருந்த 847 பேரிடம் நடந்த பரீட்சையின் முடிவு 2018-இல் வெளியாயிற்று. 18 மாதம் கழித்து, இவ்விரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 75 பேர் உயிரோடிருந்தார்கள். சுனிட்டினிப் மாத்திரை சாப்பிட்டவர்களில் 60 பேர். கட்டி அடியோடு மறைந்தது முன்னவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு, பின்னவர்களில் ஒருவருக்கு.

"எல்லோரும் பிழைக்கவில்லையே?" என்பார்கள். உண்மைதான். விலங்கவிழ்ந்த காவற்காரர் சில சமயம் குடலையும் நுரையீரலையும் ஈரலையும் தாக்குவதும் உண்மைதான். இவற்றையெல்லாம் சொன்னது யார்? அந்த வைத்தியர்களே எண்ணிப் பார்த்து அச்சிட்டுச் சொன்னார்கள். எந்த மந்திரவாதியாவது தன்னிடம் வந்து செத்தவர்களின் கணக்கை வெளியிட்டதுண்டா?

இனி நம் வெட்கத்தைச் சொல்லுவோம். இவ்வைத்தியத்துக்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டும். கூலிக்காரன் எங்கே போவான்? அவன் செத்தால் "தலைவிதி" என்பார்கள். மருந்தின் விலை பிரமன் எழுதியதா? மனிதன் வைத்த விலை. மனிதனால் குறைக்கக் கூடியது. கேட்க வேண்டிய இடம் கோவில் அல்ல, சர்க்கார்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். சிறுநீரில் இரத்தம் கண்டால் மந்திரிக்கப் போகாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பரவுமுன் கண்டுபிடித்தால் அறுத்தெடுத்தே குணமாக்கும் வழியுண்டு.