கடைசித் தோட்டாவின் கணக்கு

திகில் வீடியோ கேம் என்றதும் ரத்தமும் கோர உருவங்களும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால், எவ்வளவு கொடூரமான உருவமும் நான்காவது முறை எதிரே வரும்போது கண்ணுக்குப் பழகிவிடும். திடீரென்று அலறி எழுப்பும் அதிர்ச்சியும் அப்படித்தான். ஒரு நொடியில் வந்து மறுநொடியில் போய்விடும். 'சர்வைவல் ஹாரர்' எனப்படும் உயிர்பிழைப்புத் திகில் விளையாட்டுகளோ பல மணி நேரம் ஒருவரை நடுங்க வைத்து, மறுநாளும் தேடி வர வைக்கின்றன. அதற்குக் காரணம் பற்றாக்குறை. கையிருப்பு போதாத நிலையில் முடிவெடுக்கும் கட்டாயத்திலிருந்தே அவற்றின் பயமும் பிறக்கிறது, இன்பமும் பிறக்கிறது.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்' இதற்கு நல்ல சான்று. ஷின்ஜி மிகாமி இயக்கிய இந்த விளையாட்டில், காட்டு நடுவே உள்ள மாளிகையொன்றில் சிக்கிக்கொள்கிறோம். கிறிஸ் என்ற பாத்திரமாக ஆடினால் ஆறு பொருட்களையும், ஜில் என்ற பாத்திரமாக ஆடினால் எட்டுப் பொருட்களையும் மட்டுமே சுமக்கலாம். துப்பாக்கி, தோட்டா, காயம் ஆற்றும் பச்சிலை, சாவி எல்லாம் அந்த இடத்துக்குள்தான் அடங்க வேண்டும். அதுவரை ஆடியதைப் பதிவு செய்யக்கூடத் தட்டச்சு இயந்திரமும் மை நாடாவும் தேவை. நாடாவும் அளவோடுதான் கிடைக்கும். ஆகவே நடைவழியில் ஒரு ஜாம்பி நின்றால், அதைச் சுட்டுத் தோட்டாவைத் தீர்ப்பதா, ஒதுங்கி ஓடுவதா, ஓடினால் இதே வழியாகத் திரும்ப வேண்டியிருக்குமே என்று மனம் கணக்குப் போடுகிறது. ஜாம்பி மெதுவாகத்தான் நடக்கிறது. வேர்க்க வைப்பது அந்தக் கணக்கு.

இவையெல்லாம் அன்றைய கருவிகளின் இயலாமை, அதற்குப் போய்க் கலை என்று பெயர் சூட்டுகிறோம் என்பார் உண்டு. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 1999-இல் கொனாமி வெளியிட்ட 'சைலன்ட் ஹில்' ஊரையே மூடுபனியால் போர்த்தியதற்கு, தொலைவிலுள்ள காட்சிகளை வரைய பிளேஸ்டேஷனுக்கு வலு போதாததும் ஒரு காரணம். ஆனால் அந்தப் பனிக்குள் ஒரு சிறு ரேடியோவைக் கொடுத்து, அரக்கன் நெருங்கும்போது அதை இரைய வைத்தது படைப்பாளிகளின் அறிவு. ஆபத்து இருப்பது தெரியும், எந்தப் பக்கம் என்பது தெரியாது. பல மடங்கு வலுவான கருவிகள் வந்தபின் 2014-இல் வெளியான 'ஏலியன்: ஐசொலேஷன்' இதே பற்றாக்குறையை வேண்டுமென்றே தேர்ந்துகொண்டது. அதில் நம்மைத் துரத்தும் வேற்றுலக உயிரைக் கொல்லவே முடியாது. அதன் அசைவைக் காட்டும் கருவி கையில் உண்டு. அந்தக் கருவியின் ஒலியே நம்மைக் காட்டிக்கொடுத்தும் விடும்.

தோட்டாக்களைத் தாராளமாக வழங்கிய 'ரெசிடென்ட் ஈவில் 4' (2005) கொண்டாடப்படவில்லையா என்று கேட்கலாம். அதிலும் குறிபார்க்கும்போது நடக்க முடியாது. சுற்றி வளைக்கும் கூட்டத்தின் நடுவே நேரமும் இடமும் அரிதாகிவிடுகின்றன. அதே வரிசையில் சண்டையையே பெரிதாக்கிய ஆறாம் பாகம் (2012) பழைய ரசிகர்களின் அதிருப்தியைச் சம்பாதித்தது. ஏழாம் பாகம் (2017) ஒரு வீட்டின் இருட்டுக்கும் சொற்பக் கையிருப்புக்கும் திரும்பியது.

அப்படியானால் பற்றாக்குறை கூடக்கூட இன்பமும் கூடுமா? கூடாது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திகிலுக்காகவே அமைக்கப்பட்ட பேய் வீட்டுக்குள் சென்ற 110 பேரை ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைந்தாலும் மிக அதிகமானாலும் மகிழ்ச்சி குறைந்தது. இடைப்பட்ட அளவில்தான் அது உச்சம் தொட்டது. 'ரெசிடென்ட் ஈவில்' பதிவு அறைகளில் அரக்கர்களை விலக்கி, மென்மையான இசையை வைத்தது இந்த அளவறிந்துதான். அங்கே மூச்சு வாங்கி, மிச்சத்தை எண்ணி, வழியைத் திட்டமிடுகிறோம். அடுத்த கதவுக்கு அப்பால் அந்தத் திட்டம் பலிக்கும்போது, பயத்தை நம் அறிவால் கடந்தோம் என்ற நிறைவு கிடைக்கிறது. பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் திரைப்படத்தில் அது கிடைக்காது. இத்தகைய விளையாட்டுகளில் பெரும்பாலானவை வயதுவந்தோருக்கானவை என்பதைப் பெற்றோர் மறக்கக் கூடாது. அந்த எல்லைக்குள், ஒரு திகில் விளையாட்டு எவ்வளவு ரத்தம் காட்டுகிறது என்பதைவிட, கையில் எதைக் குறைத்து நம்மை எவ்வளவு யோசிக்க வைக்கிறது என்பதைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும்.