பட்டியலை வடிவமைப்பவர் யார்?

டிஜிட்டல் அடையாள அட்டை, இணையவழிச் சேவைகள், கடதாசி இல்லாத அலுவலகங்கள் என்று கொழும்பில் பேசப்படுகிறது. இந்திய நன்கொடை உதவியுடன் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் முன்னெடுக்கப்படுகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. எங்கள் தகவல் பாதுகாப்பாக இருக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வடக்கு, கிழக்கில் அதற்கு முன்னதாகக் கேட்கவேண்டிய ஒன்று உண்டு. எங்களுக்கு நடந்தவற்றைப் பதிவதற்கு அந்தத் தரவுத்தளத்தில் இடம் இருக்குமா?

இணையச் செயலிகளும் அவற்றின் பின்னாலுள்ள தரவுத்தளங்களும் செய்வதே எனது தொழில். சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்தில் விஷுவல் பேசிக்கும் மைக்ரோசொஃப்ட் அக்சஸும் படித்தேன். சுனாமிக்குப் பின்னர் நிவாரணப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றும் வேலை கிடைத்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபின் கொழும்பில் பிஎச்பி, மைஎஸ்கியூஎல் பழகி, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யத் தொடங்கினேன்.

நிவாரணப் பட்டியல்களிலேயே முதல் பாடம் கிடைத்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பெயர், கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துகளின் குவியல் மட்டுமே. யூனிகோட்டில் தேடினால் அகப்படாது. தகப்பனின் பெயரை முதலெழுத்தாக வைக்கும் எங்களுக்குக் 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் பொருந்துவதில்லை. பொலிஸ் முறைப்பாட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், கிராம அலுவலரின் பதிவில் இன்னொன்று. ஒரே ஆள் கணினிக்கு இரண்டு பேராகிவிடுவார். அல்லது எங்குமே இல்லாதவராகிவிடுவார்.

பின்னர் ஐரோப்பியக் கடையொன்றுக்குப் பொதிகளைக் கண்காணிக்கும் செயலி செய்தேன். பொதி ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போகும் ஒவ்வொரு தடவையும் கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எத்தனை மணிக்கு என்பது பதியப்படவேண்டும். கையொப்பம் இல்லாவிட்டால் அடுத்த படிக்கு நகர முடியாது. 2009 மே மாதம் வட்டுவாகலில் தாய்மாரும் மனைவிமாரும் தங்கள் உறவுகளை இராணுவத்திடம் கையளித்தார்கள். அவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கொடுக்கப்படவில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டம் கேட்பதும் இதைத்தான்: கையளித்த எங்கள் பிள்ளைகள் எங்கே?

அட்டவணை ஒன்றில் 'நிலை' என்றொரு நிரல் இருக்கும். அதில் என்னென்ன தெரிவுகள் வரலாம் என்பதை வடிவமைப்பவரே தீர்மானிக்கிறார். உயிருடன் உள்ளார், இறந்தார் என்ற இரண்டு மட்டும் இருந்தால் காணாமல் ஆக்கப்பட்டவரை எங்கே போடுவது? 2010ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டம், காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் பெறவே வழி செய்தது. 2016இல் செய்த திருத்தத்துக்குப் பிறகே, காணாமல்போனவர் என்பதற்கான சான்றிதழ் கிடைக்கும் நிலை வந்தது. இடைப்பட்ட வருடங்களில், வங்கிக் கணக்குக்கோ காணிக்கோ பத்திரம் கேட்ட மனைவி, தன் கணவன் செத்துவிட்டான் என்று தானே ஒப்பமிட வேண்டியிருந்தது.

எண்ணிக்கையிலும் இதே சிக்கல்தான். மறைந்த மன்னார் ஆயர் இராயப்பு யோசப், 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். கச்சேரிப் பதிவுகளின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். மிகுதி 146,679. இத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று ஆயர் சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன நடந்தது என்றுதான் கேட்டார். மொத்தத் தொகைகளை வைத்து இதற்கு விடை காண முடியாது. இரண்டு தடவை பதியப்பட்டவர் இருக்கலாம், வேறு வழியால் வெளியேறியவர் இருக்கலாம். கச்சேரிப் பட்டியலையும் முகாம்களில் பதிந்த பட்டியலையும் பெயர்வாரியாக ஒப்பிட்டுத்தான் அறியமுடியும். இரண்டும் அரசின் கையில் இருந்தவை. பெயர்வாரியான விடையை அரசு இன்றுவரை தரவில்லை.

தொழில்நுட்பம் இல்லையென்று சொல்ல இந்த நாட்டுக்கு முடியாது. 2004 சுனாமி வந்த கையோடு இலங்கை மென்பொருளாளர்கள் ஒன்றுகூடி 'சஹன' என்ற திறமூல மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனவர்களைப் பதிந்து தேடும் பகுதி அதில் இருந்தது. பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் ஹெயிட்டியிலும்கூட அது பயன்பட்டது. கடல் கொண்டுபோனவர்களைத் தேட சில வாரங்களில் கருவி செய்த நாட்டில், போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு ஆணைக்குழுக்களே தொடர்ந்து வந்தன. 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமல் போனோர் அலுவலகம். ஒவ்வொன்றிலும் அதே தாய் அதே கதையை முதலிலிருந்து சொன்னாள். இதற்குக் காரணம் அரசியல் விருப்பமின்மை.

ஆகவே புதிய தரவுத்தளங்கள் வருகையில் நாங்கள் கேட்கவேண்டியவை தெளிவானவை. பெயர் தமிழில் உள்ளபடியே பதியப்படவேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர் என்பது தனி நிலையாக இருக்கவேண்டும். எந்தப் பதிவை யார், எப்போது மாற்றினார் என்ற தடம் அழிக்கமுடியாததாக இருக்கவேண்டும். முறைப்பாடு செய்தவருக்குப் பிரதி கிடைக்கவேண்டும். புலனாய்வாளர்களுக்கு அதில் என்ன அனுமதி உண்டு என்பது பகிரங்கமாக எழுதப்படவேண்டும்.

யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இருந்து பிற நாட்டுக் கம்பனிகளுக்கு நிரல் எழுதும் இளையோர் இன்று பலர் இருக்கிறார்கள். சங்கங்களிடமும் தாய்மாரின் அலுமாரிகளிலும் படிவங்கள், கடிதங்கள், புகைப்படங்கள் மங்கிக்கொண்டிருக்கின்றன. குடும்பங்களின் சம்மதத்தோடு அவற்றைப் பாதுகாப்பாகப் பதிந்து வைப்பதற்கு அரசின் அனுமதி தேவையில்லை. நீதிமன்றத்தில் ஒருநாள் பட்டியல் கேட்கப்பட்டால், அரசின் பட்டியல் மட்டும் அங்கே இருக்கக்கூடாது. தேடித்தேடியே கண்மூடிய பெற்றோர் பலர். அவர்களிடம் கேட்டு எழுதியிருக்கக்கூடிய விபரங்களை இனி எந்த மென்பொருளாலும் மீட்கமுடியாது.