நூலகம் தந்த ஆங்கிலம்

பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லையா? உடனே பிரத்தியேக வகுப்பில் சேர்ப்பதே பல பெற்றோரின் வழக்கம். நூலகம் நினைவுக்கு வருவது அரிது.

அறிஞர் அண்ணா 1909-இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றவருக்குக் கன்னிமாரா பொது நூலகம் மற்றொரு கல்லூரியாயிற்று. 1896-இல் திறக்கப்பட்ட நூலகம் அது. வரலாறு, பொருளியல், அரசியல் என ஆங்கில நூல்களைத் தேடித் தேடி வாசித்தார், தேர்வுக்காக மட்டுமன்று. பொருளை நாடிப் போனவருக்கு மொழியும் கைவந்தது. பின்னாளில் ‘ஹோம்லேண்ட்’ என்னும் ஆங்கில வார இதழை நடத்தினார். 1968-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவரை விருந்தினராக அழைத்தது.

வகுப்பில் ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால் யாரேனும் சிரிப்பர். நூலகத்திலோ ஒரே பக்கத்தைப் பத்து முறை படித்தாலும் கேட்பாரில்லை. கூச்சமுள்ள மாணவருக்கு இது பெரிய விடுதலை. பேசிப் பழக ஆள் வேண்டும் என்பது உண்மைதான். அதற்குப் பள்ளி இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் மாணவர் கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறினால் இரண்டாவது நிலையம் மஸ்ஜிட் ஜாமெக். சற்று நடந்தால் மெர்டேக்கா சதுக்கத்தருகே கோலாலம்பூர் நூலகம். கிள்ளான் மாணவர் கே.எல். சென்ட்ரல்வரை கொமுட்டர் இரயிலில் வரலாம். பிரத்தியேக வகுப்பின் ஒரு மாதக் கட்டணத்தில் பல சனிக்கிழமைகளுக்குப் பயணச்சீட்டு வாங்கிவிடலாம்.