பதினைந்து லட்சத்துக்குப் பத்து நிமிஷம்!

சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவர் என்ன செய்வார்? பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நாலு எட்டு நடக்க விட்டுப் பார்ப்பார். ஏர் மாடு என்றால் பூட்டி ஓட்டிப் பார்க்காமல் துண்டுக்கு அடியில் விரலே கொடுக்க மாட்டார். அவர் வீட்டு அம்மா சேலம் கடைவீதியில் ஒரு புடவை எடுக்க நாற்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்வார். அதில் தப்பே இல்லை, கொடுப்பது அவர்கள் காசு.

அதே குடும்பம் பதினைந்து லட்சத்துக்கு ஜீப் வாங்கப் போகும்போது மட்டும் என்ன ஆகிறது? ஷோரூமில் ஏ.சி., ஒரு கப் காபி, பைபாஸில் பத்து நிமிஷம் ஓட்டம், "சூப்பரா இருக்குங்கண்ணா"... முடிந்தது. புக்கிங்!

நாகலூர்க்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம் (கற்பனை ஆள்தான், ஆனால் இவரைப் போல நிறைய பேர் உண்டு). கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடி, தோட்டத்துக்குள் ஒரு மண் பாதை. ஐப்பசி, கார்த்திகையில் மழை வெளுத்து வாங்கும்போதுதான் காப்பிப் பழமும் பழுக்க ஆரம்பிக்கும். அதாவது வண்டி அதிகம் தேவைப்படுகிற மாசமும் பாதை சேறாகிற மாசமும் ஒன்றே. இவர் வாங்கப் போகும் வண்டியை இவர் ஓட்டிப் பார்ப்பது எங்கே? சேலத்தில், காய்ந்த தார் ரோட்டில், நாலாவது கியரில்.

இதற்குப் பெயர் டெஸ்ட் டிரைவா? நீச்சல் தெரியுமா என்று பார்க்க ஆளைக் கட்டிலில் குப்புறப் படுக்கப் போடுவது மாதிரி இருக்கிறது.

"எல்லாம் ஒரே வண்டிதாங்கண்ணா, இன்ஜின் மட்டும்தான் வேற" என்பது ஷோரூம் வேதவாக்கு. சுத்தப் பொய். தார் என்ற ஒரே பெயரில் எத்தனை வண்டி இருக்கிறது என்று பாருங்கள். 2020 அக்டோபர் 2ல் வந்த இரண்டாம் தலைமுறைத் தாரில் 2.0 லிட்டர் பெட்ரோல், 2.2 லிட்டர் டீசல் இரண்டுமே ஃபோர் பை ஃபோர். இரண்டிலும் மேனுவல் உண்டு, ஆட்டோமேட்டிக் உண்டு. 2023 ஜனவரியில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி வந்தது, அதற்கு 1.5 லிட்டர் டீசல். 2024 ஆகஸ்ட் 15ல் ஐந்து கதவு ராக்ஸ் வந்தது. தாரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,450 மி.மீ., ராக்ஸில் 2,850. நாற்பது சென்டிமீட்டர் வித்தியாசம் பைபாஸில் தெரியாது. சேலத்திலிருந்து ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அங்கே எதிரில் பஸ் வரும்போது தெரியும்.

ராக்ஸ் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஃபோர் பை ஃபோர் மாடல்களின் விலை வெளிவந்தது 2024 செப்டம்பர் 25ல்தான். அக்டோபர் 3ம் தேதி புக்கிங் திறந்தார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் 1,76,218 புக்கிங்! முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்பது சரிதான். ஆனாலும் அத்தனை பேரும் தாங்கள் எடுக்கப் போகும் அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸை மேட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டா பட்டனை அமுக்கினார்கள்? தியேட்டரில் முதல் நாள் முதல் ஷோவுக்கு முண்டியடிக்கிற அதே மனசுதான் இது. படம் மொக்கை என்றால் நஷ்டம் இருநூறு ரூபாய். இங்கே? உதாரணத்துக்கு 15 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, ஏழு வருஷம் என்று போட்டால் மாசம் சுமார் 24,500 ரூபாய் தவணை. வட்டி மட்டும் ஐந்தரை லட்சத்துக்கு மேல்.

இன்னொரு பில்டப், "ஃபோர் பை ஃபோர் இருந்தா கொண்டை ஊசியில கிரிப் பிச்சுக்கும்" என்பது. தார், ஜிம்னி இரண்டிலும் இருப்பது தேவைப்படும்போது மட்டும் போடுகிற ஃபோர் பை ஃபோர். அதைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். ஆனால் வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். சேற்றில் சக்கரம் வழுக்கி அதைச் சமாளித்துவிடும்; காய்ந்த தாரில் வழுக்க இடமில்லாமல் வண்டி முறுக்கிக்கொண்டு நிற்கும். ஆக, நல்ல வெயிலில் மலைப்பாதையில் போகும்போது இருபது லட்சம் கொடுத்தவரும் பின் சக்கர ஓட்டத்தில்தான் போயாக வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது ஸ்டியரிங், பிரேக், கியர்பாக்ஸ். இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் தானாகக் கியரைக் குறைத்து வண்டியைப் பிடிக்கிறதா, இல்லை கால் பிரேக்கிலேயே கிடக்க வேண்டுமா? பிரேக் சூடாகி நாறுகிற வாசனை பைபாஸ் ஓட்டத்தில் வராது.

தோட்டத்துக்குள் போனால் கணக்கே வேறு. லோ ரேஞ்ச் போட்டு ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல் வண்டி ஊர்ந்து இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஜிம்னியில் எந்த மாடல் எடுத்தாலும் லோ ரேஞ்ச் உண்டு, 2023ல் வந்ததிலிருந்தே. எடை சுமார் 1,200 கிலோதான், சேற்றில் அது பெரிய வரம். ஆனால் அதன் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் டர்போ கிடையாது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போனால் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும், டர்போ இல்லாத இன்ஜினின் இழுவையும் கூடவே குறையும். கீழே ஓட்டியபோது துள்ளிய வண்டி மேலே நாலு ஆளும் இரண்டு மூட்டையும் ஏற்றியதும் முனகும். போதுமா போதாதா என்பதை ஏற்றிப் பார்த்தவர்தான் சொல்ல முடியும், யூடியூப்காரர் சொல்ல முடியாது. (அவர் ஓட்டுவது கம்பெனி கொடுத்த வண்டி, கம்பெனி போட்ட டீசல்.)

சரி, எந்த மாடலை வாங்குவது என்று மலை தீர்மானிக்கவில்லை என்றால் யார் தீர்மானிக்கிறார்கள்? வரி! 2025 செப்டம்பர் 22லிருந்து நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். இல்லையென்றால் 40. ஆகவே 1.5 டீசல் பின் சக்கரத் தாருக்கு 18, அதே நீளமுள்ள 2.2 டீசல் ஃபோர் பை ஃபோருக்கு 40. ஜிம்னியும் நாலு மீட்டருக்குள்தான், ஆனால் பெட்ரோல் 1,462 சிசி, ஆக 40. இந்த அளவுகோலில் நீளம் இருக்கிறது, சிசி இருக்கிறது. சேறு இல்லை. விலை குறைவு என்று பின் சக்கர வண்டியை எடுத்துவிட்டு, கார்த்திகை மழையில் தோட்டத்துச் சரிவில் டிராக்டருக்கு ஆள் அனுப்புகிறவருக்குப் பட்ஜெட் உரையா வந்து கயிறு கட்டி இழுக்கும்? எதிர்ப்பக்கமும் உண்டு. சேற்றுப் பாதையே இல்லாதவர், மலை ரோட்டில் மட்டும் போய் வருகிறவர், கெத்துக்காக ஃபோர் பை ஃபோர் எடுத்து லட்சக்கணக்கில் தண்டம் அழுவது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: இரண்டு மாடலையும் அடுத்தடுத்து, ஒரே பாதையில் ஓட்டிப் பார்ப்பது.

வாங்கின பிறகு அழுது பிரயோஜனமில்லை. 2019ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளில் குறை இருந்தால் கேள்வி கேட்கும். "ஏற்றத்தில் எனக்குப் பத்தவில்லை" என்பது குறை அல்ல, தவறான தேர்வு. அந்த நஷ்டம் முழுக்க வாங்கினவர் தலையில்.

டீலர் தரப்பு வாதம் தெரிந்ததுதான்: எல்லா மாடலையும் டெமோவுக்கு நிறுத்த முடியாது, மலைக்கு விட்டால் வண்டி தேய்ந்துவிடும். முதலாவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதற்கு வழி, பக்கத்து ஊர் டீலரிடமிருந்து ஒரு நாள் வரவழைப்பது. இரண்டாவது வாதத்தைக் கேட்டால் சிரிப்புதான் வருகிறது. மலையில் ஓட்டினால் தேய்ந்துவிடும் வண்டியை மலைக்காரருக்கு எப்படி ஐயா விற்கிறீர்கள்? இதே தமிழ்நாட்டில், செய்யாறில், மஹிந்திரா 454 ஏக்கரில் சோதனை ஓட்டக் களம் கட்டி வைத்திருக்கிறது. மேடு, பள்ளம், சேறு, தண்ணீர் எல்லாம் அதற்குள். செய்தவனுக்கே தன் வண்டியை நம்ப 454 ஏக்கர் வேண்டியிருக்கிறது. வாங்குகிறவனுக்கு பைபாஸில் ஒரு யு-டர்ன் போதுமாம்!

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். போக வர அறுபது. நாகலூர்த் தோட்டம் வரை போனாலும் இன்னும் கொஞ்சம்தான். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்று மோசமாகவே கணக்குப் போட்டாலும் ஏழெட்டு லிட்டர் டீசல், எண்ணூறு ரூபாய்க்குள். அதையும் வாங்குகிறவரே கொடுத்துவிடட்டும். அதற்கும் முடியாது என்று சொல்கிற ஷோரூமில் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். அடுத்த ஷோரூம் அதே ரோட்டில்தான் இருக்கும்.