அயலாருக்குக் காட்டாத கணக்கு

நிலம் அசைவது பொறியியலாளரின் கவலை, கலைப்பீடத்தாருக்கு அதில் என்ன அலுவல் என வினவுவோர் நம்மிடையே உளர். அசையும் நிலத்தின்மேல் குடியிருப்போர் பொறியியலாளர் அல்லரே!

நகரத்தில் ஆழமாக அகழ்ந்தால், பக்கச் சுவர்களை எவ்வளவு முட்டுக்கொடுத்துத் தாங்கினும், சுற்றியுள்ள மண் குழியை நோக்கிச் சிறிது நகரும். அயல் தரை தாழும். எவ்வளவு தாழும் என்பதை, முன்னைய அகழ்வுகளின் அளவீடுகளைக் கொண்டு 1969இல் றல்ஃப் பெக் என்ற அறிஞர் வரைபடமாக்கினார். இன்று கணினி மாதிரியுரு அதனைக் கணிக்கின்றது. ஆயினும் மண்ணைப் பற்றி நாம் இட்டுவைத்த எடுகோளுக்கு அப்பால் கணினி எதனையும் அறியாது.

2004 ஏப்பிரல் 20இல் சிங்கப்பூரில், நிலக்கீழ்த் தொடருந்துப் பாதைக்காக ஏறத்தாழ 30 மீற்றர் ஆழத்துக்குத் தோண்டப்பட்ட அகழ்வு இடிந்து, அருகிருந்த நிக்கோல் நெடுஞ்சாலையையும் உள்ளிழுத்தது. நால்வர் மாண்டனர். மென்மையான கடற்களிமண்ணின் வலிமை மாதிரியுருவிலே மிகையாகக் கொள்ளப்பட்டிருந்தது. உருக்குத் தாங்கிகளின் இணைப்புகளும் நலிந்தவையாய் இருந்தன. தவறு எவர்க்கும் நேரும். பொறுக்கவொண்ணாதது வேறொன்று. கணித்த அளவுக்கு மேலாகச் சுவர் வளைவதை அளவுகருவிகள் காட்டியபோது, கணிப்பைத் திருத்தி, எல்லையை உயர்த்தி, வேலையைத் தொடர்ந்தனர். காய்ச்சல் ஏறியதும் வெப்பமானியின் கோடுகளை மாற்றி வரையும் வைத்தியம் இது!

நம் நாட்டில், உமா ஓயாத் திட்டச் சுரங்கத்தினுள் 2014 திசெம்பரில் நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீடுகள் வெடிப்புக் கண்டன. அது மலைச்சுரங்கம், நகரத்துக் குழியன்று. எனினும் நிலத்தடி நீரைக் குலைத்தால் மேலிருப்பவன் வீடு தப்பாது என்பது இரண்டிற்கும் பொது.

குருநகர் கடனீரேரியின் விளிம்பிலுள்ளது. குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். நீர் அரித்த வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்தது. நிலாவரையைக் கண்டார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அக்கல்லினுள், உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே நமது கிணற்று நீர். யாழ். நகரில் மாடிக் கட்டடங்கள் உயர்ந்து வருகின்றன. நிலக்கீழ்த் தளங்கள் மீதான ஆசையும் தொடரும். குழியை உலர்த்த இரவுபகலாக நீர் இறைத்தால், அயற்கிணறு உவராகும். களிமண்ணேனும் பெரும்பாலும் வளைந்து நெளிந்து எச்சரிக்கும். பொந்தின் கூரையோ சொல்லாமல் விழும். களிமண்ணுக்கு வகுத்த வாய்பாட்டைத் துளையிட்டுப் பாராமலே இங்கு பொருத்துவது கணிப்பாகாது.

கணக்கை வெளியிட்டால் மக்கள் வீணே அஞ்சுவர் என்பர். காற்றையும் நீரோட்டத்தையும் கணித்துக் கடலிறங்கும் குருநகர் மக்களுக்கு மில்லிமீற்றர் விளங்காதெனக் கூறுவது ஆணவம்.

ஆகவே, மண்வெட்டி விழுமுன் தரை எவ்வளவு தாழும், எவ்வளவு தாழ்ந்தால் வேலை நிற்கும், இழப்பை யார் கொடுப்பார் என்பவற்றைத் தமிழில் எழுதி அயலாரிடம் கொடுப்பதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். சுவரிலுள்ள பழைய வெடிப்புகளை அவர் முன்னிலையிலேயே பதிவுசெய்க. நாளாந்த அளவீட்டை வேலியில் ஒட்டுக. எல்லையை உயர்த்த நேரின், அத்தாளில் அயலாரின் கையொப்பமும் இருத்தல் வேண்டும்.