சட்டப்படி வந்த பாட்டனார்

"எமது பாட்டனார் சட்டப்படி வந்தவர்" என்று பெருமை பேசிக்கொண்டே இன்றைய அகதிக்குக் கதவடைக்கச் சொல்லும் அமெரிக்கரைக் காணுந்தோறும் எனக்குச் சினமே எழுகின்றது.

ருஷ்யப் பேரரசின் பொலொட்ஸ்க் நகரிலிருந்து 1894இல் பொஸ்டனில் வந்திறங்கிய யூதச் சிறுமி மேரி அன்ரினிடம் எவரும் விசா கேட்கவில்லை. ஐரோப்பியருக்கு அன்று விசாவும் இல்லை, நாட்டுவாரி ஒதுக்கீடும் இல்லை. பின்னர் எழுத்தாளரான அவர், குடிவரவுத் தடையை எதிர்த்து 1914இல் ஒரு நூலே எழுதினார். பயனில்லை. 1921, 1924ஆம் ஆண்டுச் சட்டங்கள் கதவை அடைத்தன.

1939இல் சென் லூயிஸ் கப்பலில் வந்த 900க்கு மேற்பட்ட யூத அகதிகளைக் கியூபா மறுத்தது; புளோரிடாக் கரையை அண்டியும் அமெரிக்கா ஏற்கவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களுள் 254 பேர் நாசிகளின் இனவழிப்பில் மாண்டனர்.

கப்பலேறிய ஆண்டைத் தவிர, அந்தப் பாட்டனாருக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? சட்டம் பேசும் பேரர்கள் விடை கூறட்டும்.